சர்க்கரை இல்லாத டீக்கு ஒரு ஆமென்

எங்கள் வீட்டில் சாயங்காலம் விளக்கு போட்டதும் என் மனைவி ஆண்டவரிடம் பேச உட்காருவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பேன். கல்யாணமான புதிதில் ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. அவள் என்னைக் கண்ணை மூடச் சொல்லக் கூடாது. நான் அவளைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லக் கூடாது. அவள் தன் பங்கை ஒழுங்காகக் காப்பாற்றி வருகிறாள். நான் அவ்வப்போது மீறியிருக்கிறேன், முக்கியமாகப் பசிக்கிற நாட்களில்.

ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது என் தொழில். கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாக மயிலும் மாங்காயும் வரைவேன். அது தறிக்குப் போய் பார்டராக இறங்கும். எங்கள் வீட்டார் ஆடி மாதம் தவறாமல் படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போவார்கள். நானும் போவேன், மலைக்காற்றுக்கும் பொங்கலுக்கும். கும்பிடுவது கிடையாது. கடவுள் விஷயத்தில் நான் யாருக்கும் ஓரவஞ்சனை செய்ததில்லை; எல்லாச் சாமியையும் ஒரே மாதிரிதான் நம்பாமல் இருக்கிறேன். என் மனைவியோ கிறிஸ்தவக் குடும்பம். பள்ளிக்கூட டீச்சர், சர்ச்சில் கொயர் பாட்டுக் குழுவை நடத்துபவள். காதல் கல்யாணம். அவள் எனக்காக ஜெபம் பண்ணுவாள், என் அக்கா எனக்காகப் படவேட்டில் எலுமிச்சம்பழம் வைப்பாள். இரண்டு பக்கமும் ஆள் வைத்திருக்கிறாய், உனக்கென்னப்பா என்று நண்பர்கள் கேலி பண்ணுவார்கள்.

அவளுடைய ஜெபத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஸ்தோத்திரங்கள். பிறகு பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள். பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், தெருவிலுள்ள நோயாளிகள், மழை, தண்ணீர். எல்லாம் முடிந்து கடைசியில், மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டு, "இந்த மனுஷனையும் சந்தியும், ஆண்டவரே" என்பாள். இந்த மனுஷன் நான்தான்; ஆண்டவர் வந்து என் மனதைத் திருப்ப வேண்டும் என்று அர்த்தம். ஆரம்பத்தில் எனக்கு அந்த வரி கேட்டாலே எரிச்சலாக வரும். என்னைப் பற்றி என் எதிரிலேயே மேலிடத்தில் புகார் கொடுக்கிறாளே என்றிருக்கும். போகப் போகப் பழகிவிட்டது. அந்த வரி வந்தால் அடுத்தது சாப்பாடு என்று என் வயிறு அதைக் கற்றுக்கொண்டது.

ஜெபத்தை விட எனக்கு ஒத்துக்கொள்ளாதது 'திட்டம்' என்கிற சொல். அவளுடைய சர்ச் தோழிகளுக்கு எல்லாமே ஆண்டவருடைய திட்டம். சேத்துப்பட்டு பஸ்ஸைத் தவறவிட்டால், அடுத்த பஸ்ஸில் பழைய சிநேகிதியைப் பார்க்கத்தான் அந்தத் திட்டம். மறுநாள் பஸ் நேரத்துக்குக் கிடைத்தால் அதுவும் திட்டம். நானும் திட்டம் போட்டுச் சம்பாதிப்பவன்தான். நெசவு ஆரம்பிப்பதற்கு முன்னால் டிசைனைக் காட்டினால்தான் அது டிசைன். நெய்து முடித்த பிறகு, கோணலாக இருக்கும் மயிலைக் காட்டி, "இப்படித்தான் நினைத்திருந்தேன்" என்று நான் சொன்னால் முதலாளி என்னை வாசலோடு அனுப்பிவிடுவார். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர், நம் வாழ்க்கை சேலையின் அடிப்பக்கம், நமக்கு முடிச்சுதான் தெரியும், மேல்பக்கத்து அழகு ஆண்டவருக்கே தெரியும் என்று சொன்னாராம். இதை என் மனைவி வந்து உருக்கமாகச் சொன்னாள். ஆரணியில் போய் இதைச் சொன்னாரா என்று கேட்டேன். இங்கே சேலை வாங்க வருகிறவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பதே அடிப்பக்கத்தைத்தான். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இப்படிச் சிரிப்பும் சீண்டலுமாகப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் அவளுடைய குரல் கெட்டது. முதலில் சாயங்காலம் மட்டும் கட்டிக்கொண்டது. பிறகு காலையிலும். வேலூரில் காட்டினோம். குரல்நாணில் ஒரு சின்னக் கட்டி இருக்கிறது, பயப்படும்படியானது இல்லை, பல வருஷமாக வகுப்பில் கத்தியதும் சர்ச்சில் உச்சத்தில் பாடியதும் சேர்ந்து வந்தது, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். எடுத்தும் விட்டார். அதற்குப் பிறகு சொன்னதுதான் சங்கடமாக இருந்தது. தான் சொல்லும்வரை வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல். பேச்சு வந்துவிடும், பாட்டு பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது. அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போது போனில் எனக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினாள்: "கிறிஸ்துமஸ் வருது." பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு அனுப்பினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பேச முடியாதவள் அவள், பேசாமல் வந்தவன் நான்.

அன்று சாயங்காலம் விளக்கு போட்டதும் அவள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். மனதுக்குள் சொல்லிக்கொள்வாள் என்று நினைத்துப் பூண்டை எடுத்தேன். என் போன் அடித்தது. பார்த்தால் அவளிடமிருந்து: "நீங்க சத்தமா படிங்க."

நான் மறுத்தேன். ஆண்டவருக்கு மனசில் இருப்பது கேட்காதா என்று அவளுடைய பாடத்தையே அவளுக்குத் திருப்பிச் சொன்னேன். அவள் டைப் அடித்தாள்: "அவருக்குக் கேக்கும். வீட்டுக்குக் கேக்க வேணாமா?"

அன்று முதல் நான் அவளுடைய வாயானேன். அவள் ஒரு வரி அடிப்பாள், என் போனில் வரும், நான் படிப்பேன். அடுத்த வரி வரும்வரை நானும் சுவரும் ஆண்டவரும் காத்திருப்போம். முதல் நாள் கரண்ட் பில் படிப்பது போலப் படித்தேன். அவள் முறைத்தாள். இரண்டாம் நாள் கொஞ்சம் மரியாதை கூட்டினேன். கடைசி வரி வந்தபோது பார்த்தும் பார்க்காதது போல ஆமென் என்று முடிக்கப் பார்த்தேன். அவள் பக்கத்திலிருந்த கரண்டியால் தரையைத் தட்டினாள். வேறு வழியில்லாமல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இந்த மனுஷனையும் சந்தியும், ஆண்டவரே" என்று என்னைப் பற்றி நானே மனு கொடுத்தேன். உலகத்தில் எந்த நாத்திகனுக்கும் இந்த நிலைமை வரக் கூடாது.

அந்த வரியில் மட்டும் தினமும் கனைப்பேன். மற்றதெல்லாம் கை பழகிய வேலையாகிவிட்டது. எந்த வரியும் கடைசியில் "தாரும், ஆண்டவரே" என்றோ "காத்தருளும், ஆண்டவரே" என்றோதான் முடியும். பாதி வரியைப் பார்த்ததுமே மீதியை வாய் தானாகச் சொல்லிவிடும்.

இந்தப் பழக்கம்தான் என்னை மாட்டிவிட்டது. அவர்கள் சர்ச் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு வீடாகக் கூடி ஜெபம் செய்வார்கள். எந்த வீட்டில் கூடுகிறார்களோ அந்த வீட்டுக்காரி முதல் ஜெபத்தைச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். எங்கள் வீட்டு முறை வந்தது. தள்ளிப்போடலாமே என்றேன். அவள் என் போனைச் சுட்டிக் காட்டினாள்.

மழை நாள். ஏழெட்டுப் பெண்கள் குடைகளை வாசலில் சாய்த்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார்கள். அதில் மூத்தவர் சேவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர். வீட்டில் தறி உண்டு. எனக்கும் என் மனைவிக்கும் சேவூர் அக்கா. சர்க்கரை வியாதி வந்து வருஷங்கள் ஆகியும் டீயில் மூன்று ஸ்பூன் போட்டுக் குடிப்பவர். யாராவது கேட்டால் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பார். ஆண்டவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் போலிருக்கிறது, அது ஏறிக்கொண்டே போனது.

நான் நாற்காலியில் போனோடு உட்கார்ந்தேன். என் மனைவி சமையலறை வாசலில் நின்றாள், ஒரு கண் அடுப்பில் இருந்த டீயின் மேல், ஒரு கண் போனின் மேல். எல்லோரும் கண்ணை மூடினார்கள். முதல் வரி வந்தது. மழைக்காக ஸ்தோத்திரம் என்று படித்தேன். "ஸ்தோத்திரம்" என்றது பாய். வந்திருக்கிற ஒவ்வொருவரையும் ஆசீர்வதியும் என்றேன். ஆமென். பிள்ளைகளுக்கு நல்ல ஞானத்தைத் தாரும் என்றேன். ஆமென். இவ்வளவு பேர் நான் சொல்வதை ஒத்துக்கொள்வது என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் உற்சாகமே வந்துவிட்டது. குரலைச் சற்று ஏற்றினேன். அடுத்த மெசேஜ் வந்தது. பார்த்தேன், படித்தேன், முடித்தும் வைத்தேன்:

"சேவூர் அக்காவுக்குச் சர்க்கரை இல்லாத டீ தாரும், ஆண்டவரே."

"ஆமென்" என்றார்கள் எல்லோரும். எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னது சேவூர் அக்கா.

அவள் எனக்கு அனுப்பியது வெறும் "சேவூர் அக்காவுக்குச் சர்க்கரை இல்லாத டீ" என்பதுதான். எந்த டம்ளரை யாருக்கு நீட்ட வேண்டும் என்று எனக்குச் சொன்ன தகவல். "தாரும், ஆண்டவரே" நான் சேர்த்தது. அது எனக்கு உறைப்பதற்குள் காரியம் முடிந்திருந்தது. சமையலறைப் பக்கம் பார்த்தேன். என் மனைவி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், தொண்டையில் கையை வைத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கும் அடக்க முடியவில்லை.

ஜெபம் முடிந்து டீ வந்தது. சேவூர் அக்கா தன் டம்ளரை ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மீதியையும் குடித்தார். அத்தனை பேர் முன்னால் தானே ஆமென் சொல்லிவிட்டு எப்படிச் சர்க்கரை கேட்பது? அது அந்த ஒரு நாளோடு போகவில்லை. அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் அவர் டம்ளரை நீட்டினால், டீச்சர் வீட்டுக்காரரே ஜெபம் பண்ணியிருக்கிறார், அது வீணாகலாமா என்று சர்க்கரை டப்பாவை மூடி வைத்தார்களாம். கல்யாண வீட்டிலும் அதே கதை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் சர்ச்காரர்கூட அவரைப் பார்த்ததும், "அக்காவுக்கு ஜெபம் பண்ணின டீ" என்று குரல் கொடுத்தாராம். நாத்திகன் பண்ணின ஜெபம் என்பதால் அதற்குத் தனி மவுசு வந்துவிட்டது.

இதற்கிடையில் டாக்டர் என் மனைவியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசச் சொன்னார். கரகரவென்று சில வார்த்தைகள் வந்தன. ஒரு நாள் நான் டிசைன் அறையில் இருந்தபோது, பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டே அவள் ஒரு பாட்டின் முதல் அடியை முயன்று பார்த்தது காதில் விழுந்தது. இரண்டு சொல் வந்தது. மூன்றாவது சொல்லில் மேலே ஏற வேண்டும். அங்கே வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். மறுபடியும் காற்று. பிறகு துணி உதறும் சத்தம் மட்டும் கேட்டது. நான் எழுந்து போகவில்லை, போய் என்ன சொல்வது? அந்த வாரம் கிறிஸ்துமஸ் கொயர் பயிற்சியை வேறொரு பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள். வந்ததும் தலைவலி என்று படுத்துக்கொண்டாள்.

சேவூர் அக்கா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தது அந்த வாரக் கடைசியில்தான். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறதாம். காலையில் சர்ச்சில் எல்லோர் முன்னாலும் அதைச் சாட்சியாகச் சொல்லிவிட்டு நேரே வந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பழத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"டீச்சர் தொண்டைய ஆண்டவர் எதுக்கு அடைச்சாருன்னு இப்பதான் புரியுது தம்பி. உங்க வாயால ஜெபம் வரணும், என் சக்கர எறங்கணும். எல்லாம் அவரு போட்ட திட்டம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பின்கட்டில் கேட்ட அந்தக் காற்றுச் சத்தம் இன்னும் காதிலேயே இருந்தது.

"ஏன்க்கா, உங்க டீக்கு என் பொண்டாட்டி பாட்டா?" என்று கேட்டேன். "ஒரு டாக்டர்கூட இத சொல்லி இருப்பாரே, சக்கர போடாதன்னு. அதுக்குப் போயி பாடற தொண்டைய புடிச்சி அடைக்கணுமா? இப்படி ஒரு திட்டத்த நான் போட்டிருந்தா ஆரணியில எவனும் எனக்கு வேல குடுக்க மாட்டான்."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. வரேன் டீச்சர் என்று உள்பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். என் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் பேசலாம், ஆனாலும் போனைத்தான் எடுத்தாள். நீளமாக டைப் அடிப்பது தெரிந்தது. திட்டு வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"அவங்கள கோச்சிக்காதீங்க. சந்தோஷத்துல சொல்லிட்டாங்க. நீங்க கேட்டத நானும் தெனம் அவருகிட்ட கேட்டுகினுதான் இருக்கேன்."

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். இத்தனை நாளில் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நான் படித்த ஜெபங்களில் அந்தக் கேள்வி ஒருநாளும் வரவில்லை. அதை அவள் எனக்கு அனுப்பாமல் தானே வைத்துக்கொண்டிருக்கிறாள். பதில் வந்ததா என்று கேட்டேன். கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கரகரக் குரலில் மெல்லச் சொன்னாள்.

"வர்ல. அதுக்காகப் பேசறத நிறுத்திடுவாங்களா? உங்ககிட்டகூடப் பாதி நேரம் பதில் வராது. நான் பேசாமயா இருக்கேன்?"

நான் என்ன சொல்வேன்? அப்போதும் பதில் வரவில்லை என்பதை அவள் விரலை நீட்டிக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சேவூர் அக்கா கொடுத்த வாழைப்பழத்தை ஆளுக்கொன்று உரித்துத் தின்றோம்.

சேவூர் அக்கா அதிக நாள் கோபம் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த தடவை வந்தபோது, தம்பிக்குக் கோபம் வந்தது நியாயம்தான், நான்தான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன், ஆனால் சர்க்கரை இறங்கியது நிஜம்தானே என்றார். அதை இறக்கியது ஆண்டவர் இல்லை அக்கா, உங்களுக்குச் சர்க்கரை டப்பாவை மூடி வைத்த அந்த ஏழு பெண்கள்தான் என்றேன். அந்த ஏழு பேரையும் என்னிடம் அனுப்பியது யாராம் என்று கேட்டார். இந்த ஆட்டத்தில் எனக்கு ஜெயிக்க வழியே இல்லை. எழுந்து போய் டீ போட்டேன், சர்க்கரை இல்லாமல்.

கிறிஸ்துமஸ் அன்று என் மனைவி கொயரில் நிற்கவில்லை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நானும் கூடப் போயிருந்தேன், பிரியாணிக்கு முன்னால் அதுவும் ஒரு வழக்கம். பாட்டு உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் அவள் மோவாய் தன்னால் மேலே போனது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்ப்பது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் முடிந்து வேலூருக்குப் போனபோதுதான் டாக்டர் மெதுவாகப் பாடிப் பார்க்கச் சொன்னார். அன்று சாயங்காலம் விளக்கு போட்டதும் அவள் உட்கார்ந்தாள். நான் பூண்டோடு உட்கார்ந்தேன். என் போனை அவளே எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

பாட ஆரம்பித்தாள். அன்றைக்குப் பின்கட்டில் கேட்ட அதே பாட்டு. முதல் சொல், இரண்டாவது சொல். மூன்றாவதில் குரல் ஏறவில்லை, விரிசல் விட்டது. நிறுத்தினாள். நான் பூண்டைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். பிறகு சுருதியை நன்றாக இறக்கி மறுபடி தொடங்கினாள். அது அவளுடைய பழைய குரல் இல்லை. கனமான, அடியிலிருந்து வருகிற, கொஞ்சம் முரட்டுக் குரல். ஆனால் மூன்றாவது சொல்லில் நிற்கவில்லை. தாண்டிப் போனது. பாட்டு முழுசாக முடியும்வரை போனது. என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பூண்டின் மேல் பழி போட்டுக்கொண்டேன்.

பிறகு ஜெபம் ஆரம்பித்தாள், தன் வாயாலேயே. ஸ்தோத்திரங்கள். மகள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். சேவூர் அக்காவின் சர்க்கரை. கொயரை இப்போது நடத்துகிற பெண். மழை, தண்ணீர். மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டாள். நான் காத்திருந்தேன்.

"ஆமென்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

மாடியேறும்போது கடைசிப் படி இருக்கிறது என்று காலை வைத்து, அது இல்லாமல் போனது போல இருந்தது.

"என்னய உட்டுட்ட," என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மறுபடி உட்கார்ந்தாள். "இத்தினி நாளா உங்களயே படிக்க வெச்சி பேஜார் பண்ணிட்டேன். அந்த வரி வந்தா போதும், கனைச்சிகினே இருந்தீங்க. சரி, போதும்னு உட்டுட்டேன்."

"நான் நம்பறது இல்ல," என்றேன். "அது அப்படியேதான் இருக்குது. மாறல."

"தெரியும்."

"ஆனா என்னயும் சேத்துச் சொல்லு. உன் குரல்ல கேட்டு ரொம்ப நாளாச்சு."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேலி பண்ணுவாள் என்று நினைத்தேன். பண்ணவில்லை. கண்ணை மூடினாள். நான் பூண்டைக் கீழே வைத்தேன்.

"இந்த மனுஷனையும் சந்தியும், ஆண்டவரே," என்றாள் அந்தப் புதுக் குரலில். கொஞ்சம் யோசித்தாள். "அவசரம் ஒண்ணும் இல்ல."